சங்காயம் என்று தள்ளும் மீன்

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

தண்ணீருக்குள் எது எதைத் தின்று பிழைக்கிறது என்று பேசச் சொன்னார்கள். பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும் என்பதை இந்தக் கரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தச் சின்ன மீனுக்கு யார் சோறு போடுகிறார்கள் என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன். அந்தச் சின்ன மீனைத்தான் நாம் சங்காயம் என்று பேர் சொல்லி, தீவன ஆலைக்கு ஏற்றிவிடுகிறோம்.

கடலுக்குப் போகுமுன் கண்மாயைப் பார்த்துவிடுவோம். நம் ராமநாதபுரம் மாவட்டத்துச் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, மேலச்செல்வனூர் எல்லாம் நமக்குத் தெரிந்த கண்மாய்கள். கோடையில் காய்ந்து வெடித்துக் கிடக்கும். ஆடு மாடு உள்ளே இறங்கி மேயும். சாணம், புழுக்கை, கருவேல இலை, காய்ந்த கோரை எல்லாம் அங்கேயே கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் ஏறியதும் இவ்வளவும் ஊறி அழுகும். அந்த அழுகலில் பாக்டீரியா பெருகும். அதைத் தின்ன ஒரு செல் உயிர்கள் வரும். அவற்றைத் தின்ன, கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிகிற தெள்ளுப்பூச்சிகள் வரும். அவை எங்கிருந்து வந்தன? அவற்றின் முட்டைகள் காய்ந்த சேற்றுக்குள்ளேயே கிடந்தன. கோடை முழுக்க வெயிலைத் தாங்கிக் கிடந்துவிட்டு, தண்ணீர் பட்டதும் பொரித்துவிடும். எத்தனை தடவை படித்தாலும் எனக்கு இது ஆச்சரியம்தான்.

இதற்குப் பிறகுதான் நமக்குத் தெரிந்த உயிர்கள் வருகின்றன. அயிரை, கெண்டைக் குஞ்சு, தலைப்பிரட்டை, அவற்றைப் பிடிக்க விரால், கெளுத்தி, மேலே பறவைகள். நத்தைகுத்தி நாரையின் இரண்டு அலகுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும், பார்த்திருப்பீர்கள். நத்தையைப் பிடித்துச் சதையை உருவுகிற வேலைக்குப் பொருந்திய அலகு அது. கூழைக்கடா பையில் தண்ணீரோடு மீனை அள்ளும். கரண்டிவாயன் அலகை இடமும் வலமும் வீசித் தடவும். ஒரே கண்மாயில் இத்தனை பறவைகளும் பெரிதாகப் போட்டி இல்லாமல் பிழைப்பதற்கு இந்த வித்தியாசம் முக்கியமான காரணம். அவற்றின் எச்சம் மறுபடி தண்ணீரில் விழுந்து உரமாகிறது. அந்தத் தண்ணீர் பாய்ந்த வயல் நன்றாக விளையும் என்று விவசாயிகள் சொல்வது இதனால்தான்.

சரி, கடலுக்கு வருவோம். பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். வெளிச்சம் தரை வரை இறங்குவதால் கடற்புல் காடாக வளர்கிறது. இந்தப் புல்லைப் பச்சையாகத் தின்பவை கொஞ்சம்தான். ஆவுளியா என்கிற கடல்பசு தின்கிறது, ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது கிலோ. பச்சை ஆமையும் ஓரா மீனும் தின்கின்றன. மற்றபடி புல்லில் பெரும்பங்கு உதிர்ந்து, அழுகி, சேறாகி, அதற்கப்புறம்தான் யாருக்காவது உணவாகிறது. கண்மாயில் பார்த்த அதே வழி. கடல் அட்டை அந்தச் சேற்றை விழுங்கி, அதில் உள்ள சத்தை எடுத்துக்கொண்டு, மணலைச் சுத்தமாக வெளியே தள்ளுகிறது. அதைப் பிடிக்க 2001-ல் தடை வந்தது. மடவையும் சேறு தின்கிற மீன்தான். கோழிக்கு இருக்கிற மாதிரி அதன் இரைப்பையில் கெட்டியான தசை உண்டு. சேற்றோடு போகிற மணலே அங்கே அரைக்கிற கல்லாக வேலை செய்யும்.

இனி காரல். பிள்ளை பெற்ற வீட்டில் சொதி வைக்கிற மீன், ஏலத்தில் யாரும் பெரிதாகக் கேட்காத மீன். காரலைக் கையில் எடுத்து வாயை மெதுவாக முன்னால் இழுத்துப் பாருங்கள், குழாய் மாதிரி நீளும். சில காரலுக்கு அது கீழ்நோக்கி நீளும். தரையில் கிடக்கும் புழுவையும் குட்டி இறால் வகைகளையும் உறிஞ்சும். சில வகைக்கு மேல்நோக்கி நீளும். தண்ணீரில் மிதக்கிற மிகச் சின்ன உயிர்களைப் பிடிக்கும். இன்னொரு வகைக்கு வாய் நேராக நீளும், கோரைப்பல்லும் இருக்கும். அது மீன் குஞ்சைப் பிடித்துத் தின்னும். நாம் காரல் என்று ஒரே கூடையில் கொட்டுவதில் மூன்று தொழில்காரர்கள் இருக்கிறார்கள்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ரேமண்ட் லிண்டமன் என்ற இளைஞர் ஒரு சின்ன ஏரியில் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, தின்னப்படுகிற ஓர் அடுக்கிலிருந்து, அதைத் தின்கிற அடுத்த அடுக்குக்கு எவ்வளவு ஆற்றல் போய்ச் சேர்கிறது என்று கணக்குப் போட்டார். 1942-ல் அந்தக் கட்டுரை அச்சாகும்போது அவர் உயிரோடு இல்லை. 26 வயதில் இறந்துபோனார். அவர் தொடங்கிய வழியில் பின்னால் வந்தவர்கள் பார்த்தபோது, தோராயமாகப் பத்தில் ஒரு பங்குதான் மேலே போகிறது என்று தெரிந்தது. இடத்துக்கு இடம் கூடும், குறையும். அந்தக் கணக்குப்படி ஒரு கிலோ வஞ்சிரம் வளர, பத்து கிலோ அளவுக்குச் சூடை, நெத்திலி மாதிரி மீன் வேண்டும். அந்தப் பத்து கிலோவுக்கு நூறு கிலோ மிதவை உயிர்கள். அதற்கு ஆயிரம் கிலோ நுண்பாசி.

இப்போது சங்காயத்தைப் பார்க்கலாம். விசைப்படகு இழுத்துவருகிற வலையான இழுவை மடி கரைக்கு வந்து கொட்டும்போது அதில் என்ன இருக்கிறது? காரல், தும்பிலிக் குஞ்சு, விரல்நீளம் வளராத நண்டு, கணவாய்க் குஞ்சு, பேர் தெரியாத பொடி. கோழித் தீவனத்துக்கும் இறால் தீவனத்துக்கும் போகிறது. கிடைக்கிற விலை டீசலுக்குக்கூடக் காணாது என்று விசைப்படகுக்காரர்களே சொல்கிறார்கள். ஆனால் கடலுக்குள் இருக்கும்வரை அதுதான் பாறை மீனுக்கும் கலவாவுக்கும் விளைமீனுக்கும் சாப்பாடு. அதிலேயே நாளைய பெரிய மீனின் குஞ்சும் கலந்திருக்கிறது. பெரிய மீன் குறைந்துவிட்டது என்று வருத்தப்படுகிற நாம், அதன் உணவையும் அதன் பிள்ளையையும் ஒரே மடியில் அள்ளிக்கொண்டு வருகிறோம். எனக்கு இதில் ஆற்றாமை உண்டு. தொழில் செய்கிறவரைக் குற்றம் சொல்லி இது தீராது. பிடித்த மீனுக்கு நல்ல விலை, மடியின் கண்ணளவில் கண்டிப்பு, ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் குடும்பத்துக்குப் போதுமான உதவி, இவை மூன்றும் சேர்ந்து வந்தால்தான் குஞ்சு கடலில் தங்கும்.

பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். வீட்டில் மீன் ஆயும்போது குடலைத் தூக்கி எறிவதற்கு முன் இரைப்பையைக் கீறிப் பாருங்கள். மடவையில் சேறு இருக்கும். தும்பிலியில் முழு மீனே இருக்கலாம். எந்த மீன், எந்த மாதம், எந்தக் கரை, உள்ளே என்ன இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஒன்றும் இல்லாவிட்டால் காலி என்றே எழுதுங்கள், அதுவும் தகவல்தான். ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை அந்த நோட்டுகளை வாங்கி ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். தடைக்காலத்துக்கு முன்னால் எழுதியதையும் பின்னால் எழுதியதையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.