கணவரின் விசாவிலேயே நானும் தாய்லாந்தில் இருந்துவிடலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்குப் பத்துப் பன்னிரண்டு கேள்விகள் எடுத்து வைத்திருந்தேன். ஆனால் நேற்று ராத்திரி ஒரு கேள்வியைப் படித்தேன். அதிலிருந்து மற்ற கேள்விகளில் மனசு ஓடவே இல்லை. அதனால் இன்றைக்கு அந்த ஒரு கேள்விதான். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த வாரம் கட்டாயம் சொல்கிறேன்.

கேள்வியை அப்படியே படிக்கிறேன். "அக்கா, என் கணவருக்கு 63 வயது, எனக்கு 57. ஓய்வுக்காலத்தில் தாய்லாந்தில், ஹுவா ஹின் பக்கம் தங்கலாம் என்று இருக்கிறோம். அவர் பெயரில் வங்கியில் 8 லட்சம் பாத் போட்டு விசா எடுப்பதாகத் திட்டம். மனைவி என்கிற முறையில் நான் அவரோடு சேர்ந்துகொள்ளலாம் இல்லையா? எனக்கென்று தனியாகப் பணம் காட்ட வேண்டுமா?"

இதைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஏன் தெரியுமா? இந்த விசா விஷயத்தில் இதுவரை எனக்கு வந்த கேள்விகள் எல்லாம் ஆண்கள் கேட்டவை. "எனக்கும் மிஸஸுக்கும்" என்று ஆரம்பிப்பார்கள், அப்புறம் மிஸஸைப் பற்றிப் பேச்சே இருக்காது. முதல் தடவையாக ஒரு மனைவி, "என் நிலைமை என்ன?" என்று கேட்டிருக்கிறார்.

சரி, முதலில் கேட்டதற்குப் பதில். சேர்ந்துகொள்ளலாம். கணவர் ஓய்வுக்கால அனுமதியில் இருந்தால், மனைவி அவரைச் சார்ந்தவர் என்கிற முறையில், இங்கே தங்குகிற அனுமதிக்கு நீட்டிப்பு வாங்கலாம். தனியாகப் பணம் காட்ட வேண்டியதில்லை. திருமணச் சான்றிதழ்தான் அதற்கு அடிப்படை. அதைத் தாய் மொழியில் மொழிபெயர்த்து, உங்கள் நாட்டுத் தூதரகமும் தாய்லாந்து வெளியுறவு அமைச்சும் சான்றளித்த பிறகு இமிகிரேஷனில் கொடுக்க வேண்டும். நம் ஆட்களுக்கு இந்த இடத்தில் ஒரு சிக்கல் வரும். திருமணச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அதே எழுத்து அப்பாவின் முழுப் பெயராக விரிந்திருக்கும். நமக்கு அது ஒரே ஆள். கவுன்டரில் இருக்கிற அதிகாரிக்கு அது இரண்டு பெயர். மொழிபெயர்ப்புக்குக் கொடுப்பதற்கு முன்பே இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கூட்டிப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் இரண்டும் ஒருவரே என்று ஒரு சான்று வாங்கிக்கொண்டு வாருங்கள். இங்கே வந்த பிறகு அலைவதைவிட அது சுலபம்.

கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான் தங்கச்சி. ஆனால் இதோடு நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்காக, ஓய்வுக்காலத்தில் இங்கே தங்குவதற்கான இரண்டு வழிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டுக்கும் 50 வயது ஆகியிருக்க வேண்டும், இரண்டிலும் வேலை பார்க்கக் கூடாது. ஒன்று ஓ-ஏ விசா. தாய்லாந்துக்கு வருவதற்கு முன்பே தாய்லாந்துத் தூதரகத்தில் எடுப்பது. போலீஸ் சான்று, மருத்துவச் சான்று, காப்பீடு எல்லாம் அதற்கு வேண்டும். இன்னொன்று நான்-ஓ (Non-O) விசா. 90 நாள் அனுமதியோடு உள்ளே வந்து, இங்கே இமிகிரேஷனில் ஒரு வருடத்துக்கு நீட்டித்துக்கொள்வது. கட்டணம் 1,900 பாத். நீட்டிப்புக்கு வங்கியில் 8 லட்சம் பாத் இருக்க வேண்டும், அல்லது மாதம் 65,000 பாத் வருமானம், அல்லது இரண்டும் சேர்ந்து வருடத்துக்கு 8 லட்சம். வங்கிப் பணம் விண்ணப்பிப்பதற்கு இரண்டு மாதம் முன்பே கணக்கில் இருக்க வேண்டும். அனுமதி கிடைத்த பிறகு மூன்று மாதம் அதில் கை வைக்கக் கூடாது. அதற்குப் பிறகும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது.

இங்கேதான் நான் எப்போதும் சொல்கிற விஷயம். வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்கு இது மனப்பாடமே ஆகியிருக்கும். இருந்தாலும் திரும்பச் சொல்கிறேன். விசாவில் இருக்கிற தேதியைப் பார்க்காதீர்கள், முத்திரையில் இருக்கிற தேதியைப் பாருங்கள். விசா என்பது வாசல் வரைக்கும் வருவதற்கான சீட்டு. நீங்கள் எந்த நாள் வரை உள்ளே இருக்கலாம் என்பதைச் சொல்வது, விமான நிலையத்திலோ இமிகிரேஷன் அலுவலகத்திலோ பாஸ்போர்ட்டில் குத்துகிற முத்திரை. அந்த முத்திரை எதன் மேல் நிற்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் ஒரு அண்ணன் இருந்தார். எல்லாவற்றையும் கோப்பு போட்டு வைத்திருப்பார், அவ்வளவு ஒழுங்கு. நீட்டிப்பில் இன்னும் எட்டு மாதம் பாக்கி இருந்தது. தங்கை மகள் கல்யாணத்துக்கு ஒன்பது நாள் ஊருக்குப் போனார். மறுநுழைவு அனுமதி வாங்காமல் போய்விட்டார். டி.எம்.8 என்று ஒரு படிவம்தான். ஒரு தடவைக்கு 1,000 பாத், எத்தனை தடவை வேண்டுமானாலும் போய் வரலாம் என்றால் 3,800 பாத். விமான நிலையத்திலேயே வாங்கலாம். அது இல்லாமல் நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால், பாக்கி இருக்கிற நீட்டிப்பு அந்த நிமிஷமே போய்விடும். திரும்பி வந்தபோது அவருக்குச் சுற்றுலாப் பயணிக்குப் போடுகிற முத்திரையைப் போட்டு அனுப்பினார்கள். அந்தப் பக்கத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எட்டு மாதம் ஒன்பது நாளில் போனது. எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

இதை ஏற்கெனவே இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறேன், தெரியும். இன்றைய கேள்விக்கும் அதே விஷயம்தான் என்பதால் மறுபடி சொல்கிறேன். முத்திரை எதன் மேல் நிற்கிறது? கணவருடைய முத்திரை அவர் வயதின் மேலும் பணத்தின் மேலும் நிற்கிறது. சார்ந்தவர் என்று வாங்கினால், உங்கள் முத்திரை உங்கள் கணவர் மேல் நிற்கிறது.

தங்கச்சி, நீங்கள் கேட்டது "எனக்குத் தனியாகப் பணம் காட்ட வேண்டுமா?" என்று. நீங்கள் இன்னொன்றையும் கேட்டிருக்க வேண்டும். "அவர் இல்லாமல் போனால் நான் எங்கே நிற்பேன்?" நல்ல காரியம் பேசும்போது இதை எடுக்கக் கூடாது என்று நம் வீடுகளில் வாயை மூடுவார்கள். நான் எடுக்கிறேன், ஏனென்றால் நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

பக்கத்துத் தெருவில் ஒரு அக்கா. என்னைவிட நாலு வயது மூத்தவர். கணவர் பெயரில் ஓய்வுக்கால நீட்டிப்பு, இவர் சார்ந்தவர். ஆறு வருடம் எந்தத் தொந்தரவும் இல்லை. வீட்டு ஒப்பந்தம் அவர் பெயரில், வங்கிக் கணக்கு அவர் பெயரில், மின்சார பில் அவர் பெயரில். ஒரு நாள் காலையில் நடந்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்த கணவர் எழுந்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் அக்காவைக் கூட்டிக்கொண்டு நான் வங்கிக்குப் போனேன். இறந்த செய்தி தெரிந்ததும் கணக்கை நிறுத்தி வைத்துவிட்டார்கள். அங்கே இருந்த பெண் கையெடுத்துக் கும்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, அத்தனை பொறுமையாகச் சொன்னாள். நீதிமன்றம் ஒருவரைச் சொத்து நிர்வாகியாக நியமித்து உத்தரவு போட வேண்டும், அதைக் கொண்டு வந்தால்தான் பணத்தை எடுக்கலாம். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். இதற்கு நடுவில் அக்காவின் அனுமதிக்கு அடிப்படையே போய்விட்டது. தொடர்ந்து இருக்க வேண்டுமானால் அக்கா தன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு அக்கா பெயரில் 8 லட்சம் வேண்டும். அந்த 8 லட்சம் எங்கே இருக்கிறது? நிறுத்தி வைத்த கணக்கில்.

அக்கா கையில் அந்த வங்கிப் புத்தகம் இருந்தது. பச்சை அட்டை. கடைசி வரியில் எட்டு லட்சத்து பதினோராயிரத்துச் சொச்சம். தேதி பௌத்த ஆண்டில் போட்டிருந்தது. இங்கே எல்லாத் தாளிலும் அப்படித்தான், நம் ஆண்டோடு 543 கூட்டிப் போடுவார்கள். "இது எங்கள் பணம்தானே?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

பிள்ளைகள் பணம் அனுப்பினார்கள். அக்கா நாட்டை விட்டுப் போய், தன் பெயரில் விசா எடுத்து, திரும்பி வந்தார். வந்துவிட்டார் என்பது பெரிய விஷயம். ஆனால் அழ வேண்டிய நாட்களில் அவர் வரிசையில் நின்றார். அது என் மனசை விட்டுப் போகவே இல்லை.

அதனால்தான் சொல்கிறேன். உங்களுக்கு 57 வயது. 50 தாண்டிவிட்டீர்கள். நீங்களே உங்கள் பெயரில் விண்ணப்பிக்கத் தகுதி உள்ளவர். உங்களுக்கு யாருடைய தயவும் வேண்டாம். கையில் வசதி இருந்தால் முதல் நாளிலிருந்தே ஆளுக்கு ஒரு விண்ணப்பம் போடுங்கள். அவருக்கு 8 லட்சம், உங்களுக்கு 8 லட்சம், இரண்டும் தனித்தனிக் கணக்கில். கூட்டுக் கணக்கு வேண்டாம். ஓய்வுக்கால நீட்டிப்புக்கு ஒருவர் பெயரில் மட்டும் இருக்கிற கணக்கைத்தான் காட்டச் சொல்வேன். பணம் வெளிநாட்டிலிருந்து வந்தது என்று வங்கி கொடுக்கிற தாளையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

16 லட்சம் பாத் எல்லோராலும் ஒரே நேரத்தில் போட முடியாது. அதுவும் புரிகிறது. அப்படியென்றால் முதல் ஒன்றிரண்டு வருடம் சார்ந்தவராகவே இருங்கள். ஆனால் வந்த முதல் மாதமே உங்கள் பெயரில் ஒரு கணக்குத் திறந்துவிடுங்கள். இந்த முகவரியில் வசிக்கிறீர்கள் என்று சொல்கிற வதிவுச் சான்றை இமிகிரேஷனில் வாங்கிக்கொண்டு போனால் திறப்பது எளிது. அதில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். 8 லட்சம் சேர்ந்ததும் உங்கள் பெயருக்கு மாறிக்கொள்ளலாம். அதுவரைக்கும் அந்தக் கணக்கு இருப்பதே ஒரு பலம்.

மாத வருமான வழியில் போகலாமே என்று சிலர் நினைப்பீர்கள். ஓய்வூதியம் யார் பெயரில் வருகிறது என்று பாருங்கள். கணவரின் ஓய்வூதியம் அவருக்குப் பிறகு மனைவிக்கு வந்தாலும் பெரும்பாலும் குறைந்துதான் வரும். இன்றைக்கு 65,000 பாத் தாண்டுகிற வருமானம் அன்றைக்குத் தாண்டுமா? காகிதத்தில் எழுதிக் கணக்குப் பாருங்கள்.

வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு பேர் பெயரையும் போடச் சொல்லுங்கள். வீட்டு உரிமையாளர், வெளிநாட்டவர் தங்கியிருப்பதைத் தெரிவிக்கிற டி.எம்.30 பதிவு செய்யும்போது இரண்டு பாஸ்போர்ட்டையும் கொடுங்கள். அது 24 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டியது. 90 நாளைக்கு ஒரு தடவை முகவரி தெரிவிக்கிற டி.எம்.47 படிவத்துக்கு அவர் மட்டும் போய் இரண்டு பேருக்கும் கொடுத்துவிட்டு வருவார், நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். தயவுசெய்து நீங்களும் கூடப் போங்கள். பதினைந்து நாள் முன்பிலிருந்து ஏழு நாள் பின்பு வரை கொடுக்கலாம், கட்டணம் கிடையாது, தவறினால் 2,000 பாத் அபராதம். எந்த கவுன்டர், எந்தப் படிவம், எங்கே நகல் எடுப்பது என்று உங்கள் கால்களுக்கும் தெரிய வேண்டும். அந்த அக்காவுக்கு இமிகிரேஷன் அலுவலகத்துக்குப் போகிற வழியே தெரியாது. ஆறு வருடம் இருந்தவர்.

அப்புறம் உயில். இங்கே இருக்கிற பணத்துக்கும் பொருளுக்கும் இங்கேயே, தாய் மொழியில், ஒரு வழக்கறிஞரை வைத்து எழுதுங்கள். இரண்டு பேரும் தனித்தனியாக. நிர்வாகி யார் என்று அதில் பெயர் சொல்லிவிடுங்கள். உயில் இருந்தாலும் நீதிமன்றம் போகத்தான் வேண்டும், ஆனால் யாரை நியமிப்பது என்கிற கேள்வி அங்கே எழாது.

காப்பீட்டையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஓ-ஏ வழியில் வந்தால் காப்பீடு கேட்கிறார்கள். 70 தாண்டிய பிறகு புதிதாகச் சேர்வது கஷ்டம், தவணையும் ஏறும். அவர் காப்பீட்டுக்குள் உங்களைச் சேர்ப்பதா, உங்களுக்கென்று தனியாக எடுப்பதா என்று வந்தால், இன்றைக்கு 57 வயதில் தனியாக எடுங்கள். இதைத் தனி வீடியோவாகவே பேச வேண்டும், பேசுகிறேன்.

கணவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று நினைக்கிறீர்களா? "உங்களுக்கு ஏதாவது ஆனால்" என்று ஆரம்பிக்க வேண்டாம். "எனக்கும் 57 ஆகிவிட்டது, என் பெயரிலும் ஒரு விண்ணப்பம் போடுவோம்" என்று சொல்லுங்கள், போதும். என் வீட்டுக்காரரிடம் நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் தன் வங்கிப் புத்தகத்தை எடுத்து வந்து, இது எப்படி அச்சடிப்பது, எந்த இயந்திரத்தில் எந்தப் பக்கம் மேலே வைப்பது என்று எனக்குக் காட்டிக்கொடுத்தார். நீட்டிப்புக்குப் போகிற அன்று காலையில் ஒரு நூறு பாத் போட்டு, புத்தகத்தில் அன்றைய தேதி விழுகிற மாதிரி அச்சடித்துக்கொண்டு போக வேண்டும். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று வங்கி கொடுக்கிற கடிதத்திலும் அதே தொகை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இப்போது என் புத்தகத்தை நான்தான் அச்சடிக்கிறேன்.

தங்கச்சி, திருமணச் சான்றிதழையும் இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்து வைத்துப் பெயர்களைச் சரிபார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். தலைப்பெழுத்து விஷயத்தில் என்ன சான்று வேண்டும் என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.