எவ்வளவு ஆச்சு?

நடுவர் அவர்களுக்கும், எதிரணி அண்ணன்களுக்கும், பொங்கல் கரும்பைக் கடித்தபடியே உட்கார்ந்திருக்கும் மன்னார்குடிப் பெரியவர்களுக்கும் வணக்கம். வணக்கத்திலேயே நேரம் போய்விட்டால் எனக்குத்தான் முதல் மணி அடிப்பார்கள். நேரே வருகிறேன்.

புது வீட்டு ஹாலுக்கு அழகு தங்கம் ஒட்டிய தஞ்சாவூர்ப் படமா, காகிதத்தில் வரைந்த நீர்வண்ணமும் பென்சில் ஓவியமுமா? இதுதான் தலைப்பு. நான் காகிதத்துக்கு வக்கீல்.

தஞ்சாவூர்ப் படத்தைக் குறை சொல்லிவிட்டு இந்தப் பக்கம் யாரும் பத்திரமாக பஸ் ஏற முடியாது. எனக்கும் அந்த எண்ணம் இல்லை. பலாப் பலகை, அதன்மேல் துணி, சுண்ணாம்பும் பசையும் குழைத்து எழுப்பிய மேடு, அதற்கு மேல் தங்க ரேக்கு. கும்பிட வேண்டிய வேலைப்பாடு. அதனால்தான் சொல்கிறேன், கும்பிடுகிற இடத்தில் இருக்கட்டும். ஹாலில் மாட்டினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் சித்தப்பா சாட்சி.

இதே ஊரில் வீடு கட்டினார். ஹாலில் நுழைந்ததும் எதிரே, மூன்றடி உயரத் தஞ்சாவூர்ப் படமாக ஒரு வெண்ணெய்க் கிருஷ்ணன். கிரகப்பிரவேசத்துக்கு முதலில் வந்தவர் பெரிய மாமா. செருப்பைக் கழற்றினார், கிருஷ்ணனைப் பார்த்தார், "எவ்வளவு ஆச்சு?" என்றார். அடுத்து பந்தல்காரர். "எவ்வளவுங்க ஆச்சு?" ஐயர் ஹோமத்தில் நெய் விட்டுக்கொண்டே "ஸ்வாஹா" என்றார், அதே மூச்சில் "எவ்வளவு ஆச்சு?" கிருஷ்ணன் கையில் இருப்பது வெண்ணெயா லட்டா என்று ஒருத்தர் பார்த்திருப்பாரா?

சித்தப்பா என்ன செய்தார், ஆளுக்கு ஒரு விலை வைத்தார். சம்பந்தியிடம், "ஒண்ணே கால் லட்சம்." அடிக்கடி கைமாற்று கேட்கிற மச்சானிடம், "சும்மா பன்னிரண்டாயிரம் மாப்ளே, தெரிஞ்ச பையன் போட்டுக் குடுத்தான்." சித்தியிடம் சொன்ன விலை வேறு. அதை நான் சொன்னால் இன்று ராத்திரி அவருக்குச் சோறு கிடையாது, சித்தி முன்வரிசையிலேயே இருக்கிறார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. தீபாவளி வந்தது. சம்பந்தியும் மச்சானும் ஒரே நேரத்தில் வந்து ஒரே சோபாவில் உட்கார்ந்தார்கள். மச்சான் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "பன்னிரண்டாயிரத்துக்கு நல்ல வேலைதான்." சம்பந்தி கையில் இருந்த அதிரசம் வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது. "எவ்வளவு?" என்றார். சித்தப்பா சமாளித்தார்: "அது ஃப்ரேமுக்கு மட்டும்ங்க." "அப்ப படம்?" இது மச்சான். "படம் ஒண்ணே கால் லட்சம்" என்று சம்பந்தியே பெருமையாக எடுத்துக் கொடுத்தார். அடுப்படியிலிருந்து கரண்டியோடு சித்தி வெளியே வந்தார். "எவ்வளவு?"

நடுவர் அவர்களே, இந்தக் கைத்தட்டலை என் நேரத்தில் கழிக்கக் கூடாது.

அதே ஹாலில் பக்கத்துச் சுவரில் ஒரு சின்ன நீர்வண்ணப் படம் இருக்கிறது. கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்த பிள்ளை ஒருத்தர் பாமணி ஆற்றங்கரையில் உட்கார்ந்து வரைந்த படித்துறை. அதற்கு யாரும் விலை கேட்பதில்லை. கிட்டப் போகிறார்கள், மூக்கு கண்ணாடியில் இடிக்கிற அளவுக்கு. படியில் ஒரு வேட்டி காய்கிறது. அந்த வேட்டிக்கு வெள்ளைச் சாயம் பூசவே இல்லை. சுற்றிலும் நிழலைத் தீட்டிவிட்டு, அந்த இடத்தில் காகிதத்தைச் சும்மா விட்டிருக்கிறார். வெயில் அதில் வந்து உட்கார்ந்துகொண்டது.

இப்போது எதிரணி அண்ணனுக்கு வருகிறேன். "தண்ணியில போட்ட படம் தண்ணி பட்டாப் போயிடும். ஜூன் 12ல மேட்டூர் திறந்தப்புறம் ஆர்டர் குடுங்க" என்றார். நீங்கள் தட்டினீர்கள். நானும் தட்டினேன். அண்ணே, மேட்டூர் அணை கட்டி முடித்தது 1934. அதற்கு நூறு வருஷத்துக்கு முன்பே தஞ்சாவூர் ஓவியர்கள் காகிதத்தில் நீர்வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். தொழில் செய்கிறவரும் அவர் சம்சாரமும் ஜோடியாக நிற்கிற படங்களைக் கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்களுக்கு வரைந்து கொடுத்தார்கள். அவை இன்றைக்கும் லண்டன் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. 1798 முதல் 1832 வரை ஆண்ட தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, வைத்தியத்துக்கு வந்தவர்களின் கண்களையே படமாக எழுதி வைக்கச் சொன்னார். அவையும் இருக்கின்றன, தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில். அண்ணன் ஒருமுறை அங்கே போய்வந்தால் நல்லது. படத்தையும் பார்க்கலாம், கண்ணுக்கு என்ன வைத்தியம் என்றும் தெரிந்துகொள்ளலாம்.

சரி, தண்ணீர் பட்டால் போகும்தான். உங்கள் பலகையில் ஓதம் ஏறினால் மட்டும் ரேக்கு சிரித்துக்கொண்டு இருக்குமா? ஐப்பசி அடைமழையில் நம் ஊர்ச் சுவரே பூத்துப் போகிறது! சாரல் அடிக்கிற சுவரை விட்டுவிடுங்கள். வெயில் நேராக விழுகிற சுவரும் வேண்டாம், சாயம் வெளுக்கும். காகிதம் கண்ணாடியில் ஒட்டாமல் நடுவே மவுண்ட் அட்டை, காற்றுப் போக ஃப்ரேமுக்குப் பின்னால் மூலைக்கு ஒரு தக்கை. முடிந்தது. அப்புறம் ஐயா, படத்தை மின்விசிறிக்குப் போட்டியாக மேலே மாட்டாதீர்கள். கண் மட்டத்தில் மாட்டுங்கள். பல்லிக்காகவா வாங்கினோம்?

சோபா நிறத்துக்குப் படம் தேடுகிறவர்களிடம் நான் பேச மாட்டேன், அவர்கள் துணிக்கடைக்குப் போகட்டும்.

இன்னும் ஒரு படம். அதே ஹாலில், பென்சிலில் போட்டது. சித்தியின் தம்பி பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வரைந்த பழைய ஓட்டு வீடு. திண்ணை, மாட்டுக் கொட்டகை, கொல்லையில் தென்னை. கோடு கோணல்தான். தஞ்சாவூரில் பிறந்து கும்பகோணத்தில் ஓவியம் படித்த கோபுலுவின் கோடு எல்லாருக்கும் வருமா?

2018 நவம்பர் 16. தேதியைச் சொன்னால் போதும், இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். கஜா புயல் அந்தக் கொல்லையில் ஒரு மரத்தைக்கூட நிற்க விடவில்லை. ஓடும் போனது, கொட்டகையும் போனது. தம்பி பிழைப்புக்குச் சிங்கப்பூர் போனார்.

சித்தியின் அம்மா எப்போது வந்தாலும் முதலில் கிருஷ்ணனைக் கும்பிடுவார். அப்புறம் அந்தப் பென்சில் படத்துக்குப் போய் விரலை வைப்பார். "இது ஓங்க தாத்தா வச்ச கன்னு. இது செவ்விளநி. இதுல ஏறித்தான் தம்பி கைய ஒடச்சிக்கிட்டான்." ஒவ்வொரு தடவையும் எல்லா மரத்தையும் சொல்லி முடித்த பிறகுதான் காபி குடிப்பார்.

வாதம் எங்கே போயிற்று என்று எதிரணியில் முணுமுணுக்கிறார்கள். போனால் போகட்டும் அண்ணே. மணியும் அடித்துவிட்டார்கள். நடுவர் அவர்களே, தீர்ப்பு உங்கள் இஷ்டம். சித்திக்குப் பக்கத்து நாற்காலியில் அந்தப் பாட்டியும்தான் வந்து உட்கார்ந்திருக்கிறார். காகிதம் வேண்டாம் என்று சொல்வதாக இருந்தால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.