ராக்கெட் விழுந்த மறுநாள் கல்லாவில் என்ன இருக்கிறது?

அவையோருக்கு வணக்கம். விண்வெளித் தொழில்நுட்பம் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். நான் பொறியாளர் இல்லை, நிறுவனங்களின் கணக்குப் பார்த்துப் பிழைப்பவன். அதனால் ராக்கெட் எப்படிப் பறக்கிறது என்பதை விட்டுவிட்டு, அதைப் பறக்கவிடும் நிறுவனம் எப்படிக் கவிழ்கிறது என்று சொல்கிறேன்.

2023 ஜனவரி 9, இரவு. இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஒரு பழைய போயிங் 747, இறக்கைக்கு அடியில் ராக்கெட்டைச் சுமந்துகொண்டு கிளம்பியது. ரிச்சர்ட் பிரான்சனின் வெர்ஜின் ஆர்பிட் நிறுவனத்தின் விமானம் அது. உயரத்தில் போய் ராக்கெட்டைக் கழற்றிவிட்டார்கள். முதல் கட்டம் ஒழுங்காக எரிந்தது. இரண்டாம் கட்டத்தில், எரிபொருள் குழாய்க்குள் இருந்த ஒரு வடிகட்டி கழன்றுபோனது. பம்ப் திணறியது, என்ஜினுக்கு எரிபொருள் போதவில்லை, சூடு எகிறியது. 9 செயற்கைக்கோள்களும் போயே போயின.

அந்த வடிகட்டி 100 அமெரிக்க டாலர் பெறும் என்று நிறுவனத் தலைவரே பிறகு சொன்னார். மார்ச் இறுதியில் 675 பேருக்கு வேலை போனது, அதாவது ஊழியர்களில் 85 விழுக்காடு. ஏப்ரல் 4-ஆம் தேதி நிறுவனம் திவால் மனு கொடுத்தது. மூன்றே மாதம்!

நூறு டாலர் வடிகட்டி பல கோடி டாலர் நிறுவனத்தைக் கவிழ்த்தது என்று எழுத எல்லோருக்கும் ஆசை. எனக்கு அந்தக் கதையில் நம்பிக்கை இல்லை. நோய் அதற்கும் ஓராண்டு முன்பே கணக்கில் தெரிந்தது.

2021 கடைசியில் அது பங்குச்சந்தைக்கு வந்தது, ஸ்பேக் என்ற வழியாக. நம் சிங்கப்பூர்ப் பங்குச்சந்தையும் அதே ஆண்டு செப்டம்பரில்தான் ஸ்பேக்குகளுக்குக் கதவைத் திறந்தது, சிலருக்கு நினைவிருக்கும். தொழில் எதுவும் இல்லாத ஒரு காலி நிறுவனம் முதலில் மக்களிடம் பணம் திரட்டும். அப்புறம் உண்மையான ஒரு நிறுவனத்தைத் தேடிப்பிடித்து இணையும். இணையும் நேரத்தில், ‘எனக்கு இது வேண்டாம்’ என்று முதலீட்டாளர் போட்ட பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இங்கேதான் சிக்கல். வெர்ஜின் ஆர்பிட் எதிர்பார்த்தது 48 கோடியே 30 லட்சம் டாலர். பெரும்பாலோர் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டதால் கைக்கு வந்தது 22 கோடியே 80 லட்சம். வரப்போகிற மொய்யை நம்பிப் பெரிய மண்டபம் பிடித்த கதைதான்.

மண்டப வாடகை குறையுமா? சொந்தமாக ஒரு 747, கலிஃபோர்னியாவில் தொழிற்சாலை, ஏறக்குறைய 800 ஊழியர். 2022 முழுவதும் ஏவியது 2 ராக்கெட். ஏவினாலும் ஏவாவிட்டாலும் மாதம் பிறந்தால் சம்பளம் போட்டாக வேண்டும். கடைசிக் காலத்தில் பிரான்சன் குழுமம் கொடுத்த கடனில்தான் வண்டி ஓடியது. அந்த நிலையில் ஒரு ராக்கெட் தவறினால், காரணத்தைக் கண்டுபிடித்து, திருத்தி, அடுத்ததை ஏவ வேண்டிய மாதங்களுக்கு யார் பணம் கொடுப்பார்கள்?

இதே போன்ற சின்னப் பிசகு ஸ்பேஸ்எக்ஸுக்கும் நடந்தது. 2008 ஆகஸ்டில் ஃபால்கன் 1 மூன்றாம் முறையாகத் தோற்றது. பிரிந்த முதல் கட்டத்தில் மிச்சமிருந்த உந்துவிசை அதையே மேலே தள்ளி, இரண்டாம் கட்டத்தின் மேல் முட்டவைத்தது. திருத்தம் என்ன தெரியுமா? பிரிப்பதற்கு முன் இன்னும் சில விநாடி காத்திருப்பது. ஆனால் அவர்களிடம் இன்னொரு ராக்கெட்டுக்கு வேண்டிய பாகங்கள் இருந்தன, புது முதலீடும் வந்து சேர்ந்தது. செப்டம்பர் 28-இல் நான்காவது முயற்சி வென்றது, டிசம்பரில் நாசாவின் 160 கோடி டாலர் ஒப்பந்தம். அடுத்த ஆண்டு அந்த ஃபால்கன் 1 சுமந்துபோனது நம் பக்கத்து வீட்டுக்காரரான மலேசியாவின் ரசாக்சாட் செயற்கைக்கோளை. நான்காவதும் விழுந்திருந்தால் இன்று ஸ்பேஸ்எக்ஸ் ஒரு பழைய திவால் கோப்பு.

திவாலானால் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். ஏலத்தில் விற்க என்ன மிச்சம் என்று பார்க்க வேண்டும். வெர்ஜின் ஆர்பிட்டின் சொத்துகள் ஏறக்குறைய 3 கோடியே 60 லட்சம் டாலருக்குப் பிரித்து விற்கப்பட்டன. பங்குச்சந்தைக்கு வந்தபோது சொன்ன மதிப்பு 320 கோடி! செயற்கைக்கோள் வழியே இணையம் தரும் ஒன்வெப் நிறுவனத்தைப் பாருங்கள். 2020 மார்ச்சில், அதன் ஜப்பானிய முதலீட்டாளர் சாஃப்ட்பேங்க் கையை விரித்ததும் திவாலானது. ஆனால் அதனிடம் 74 செயற்கைக்கோள்கள் ஏற்கனவே சுற்றிக்கொண்டிருந்தன, அதைவிட முக்கியமாக அலைவரிசை உரிமை இருந்தது. பிரிட்டிஷ் அரசும் இந்தியாவின் பாரதி நிறுவனமும் ஆளுக்கு 50 கோடி டாலர் போட்டு எடுத்தன. 2022-இல் ரஷ்யா ஏவ மறுத்தபோது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவின் இஸ்ரோ இரண்டு தடவையாக 72 செயற்கைக்கோள்களை ஏவிக் கொடுத்தது.

சரி, சிங்கப்பூருக்கு வருவோம். ராக்கெட் ஏவ நமக்கு இடம் ஏது? 2011-இல் நன்யாங் பல்கலைக்கழகத்தின் எக்ஸ்-சாட் செயற்கைக்கோள் இந்தியாவின் பிஎஸ்எல்வி ராக்கெட்டில்தான் போனது. 2023 ஜூலையில் பிஎஸ்எல்வி சி-56 சுமந்தது முழுக்க நம் ஊர்ச் சரக்கு. அரசும் எஸ்டி எஞ்சினியரிங்கும் சேர்ந்து செய்த, ரேடாரில் படமெடுக்கும் டிஎஸ்-சார் பெரியது, கூடவே 6 சிறியவை. டிஎஸ்-சாரின் படங்கள் தேவைப்பட்ட வாடிக்கையாளர், அதாவது நம் அரசு அமைப்புகள், ஏவும் முன்பே உள்ளூரில் இருந்தார்கள். ராக்கெட் ஆசையை நாம் முதலீடாகத் தீர்த்துக்கொள்கிறோம். ராக்கெட் செய்யும் ஹைதராபாத்தின் ஸ்கைரூட்டுக்கு 2022-இல் நம் அரசின் முதலீட்டு நிறுவனமான ஜிஐசி முன்னின்று 5 கோடியே 10 லட்சம் டாலர் திரட்டப்பட்டது.

‘பிள்ளை விண்வெளி நிறுவனத்தில் வேலைக்குப் போகிறேன் என்கிறான், விடலாமா?’ என்று இங்கே ஒரு அம்மா கூட்டம் தொடங்கும் முன் கேட்டார். விடுங்கள் அக்கா. ஆனால் நேர்முகத்தில் அவன் இரண்டு கேள்வி கேட்கட்டும். அடுத்த ஏவுதல் தவறினால் எத்தனை மாதச் சம்பளம் கையில் இருக்கிறது? இன்றைக்குக் கையெழுத்தான ஒப்பந்தத்தில் எவ்வளவு முன்பணம் வந்திருக்கிறது? பங்குச்சந்தையில் இருக்கும் நிறுவனம் என்றால் கேட்கவே வேண்டாம், கையிருப்பு நிதியறிக்கையிலேயே இருக்கும். எடுத்து வாருங்கள், படித்துச் சொல்கிறேன். இப்போது மைக்கை அந்தப் பின்வரிசைத் தம்பியிடம் கொடுங்கள், ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார்.