தடுப்புச் சுவரும் ஒன்பதாம் அட்டவணையும்

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

அரசமைப்புச் சட்டம் என்றால் டெல்லியில் பேசுகிற விஷயம், நமக்கும் அதற்கும் வெகுதூரம் என்று பலர் நினைக்கிறோம். ஆனால் அந்தச் சட்டத்தின் போக்கையே மாற்றிய தீர்ப்பு ஒன்று நம் கூடலூர் மண்ணில் தொடங்கிய வழக்கில் பிறந்தது. அதிலிருந்து தொடங்கி, உங்கள் ஊர்ச் சாலையோரத் தடுப்புச் சுவரைப் பற்றிக் கேள்வி கேட்பது எப்படி என்று இன்று பார்ப்போம்.

கூடலூர், பந்தலூர் பக்கம் 'செக்‌ஷன் 17 நிலம்' என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1969-ஆம் ஆண்டு கூடலூர் ஜென்ம நிலங்கள் ஒழிப்புச் சட்டத்தில், ஜென்மிகளிடம், அதாவது பரம்பரை நில உடைமையாளர்களிடம், குத்தகைக்கு எடுத்த தோட்டங்களைப் பற்றிச் சொல்லும் பிரிவு அது. அந்தச் சட்டப்படி ஜென்ம நிலத்துக் காடுகளை அரசு எடுத்துக்கொண்டது செல்லாது என்று 1972-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாடாளுமன்றம் என்ன செய்தது? 1974-ல் 34-ஆவது திருத்தத்தைக் கொண்டுவந்து, சட்டம் முழுவதையும் ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்துவிட்டது. அந்த அட்டவணைக்குள் போய்விட்ட சட்டத்தை, அடிப்படை உரிமையைப் பறிக்கிறது என்று சொல்லி அன்றைக்கு எதிர்க்க முடியாது. அரசமைப்பின் 31-பி பிரிவு அதற்குக் கொடுத்த பாதுகாப்பு அப்படி.

ஐ.ஆர். கோயலோ வழக்கு இதைத்தான் கேள்வி கேட்டது. 2007 ஜனவரி 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை, அதாவது அதன் ஆதாரமான கூறுகளை, நாடாளுமன்றம் திருத்தம் செய்தும் மாற்ற முடியாது என்று கேசவானந்த பாரதி வழக்கில் தீர்ப்பு வந்த நாள் 1973 ஏப்ரல் 24. அன்றோ அதற்குப் பிறகோ அந்த அட்டவணையில் சேர்ந்த எந்தச் சட்டமும் அந்த அடிப்படைக் கட்டமைப்பைக் குலைத்தால், அதை நீதிமன்றம் ஆராயலாம் என்றார்கள். நிலப் பிரச்சினை அதோடு தீர்ந்துவிடவில்லை என்பது கூடலூர்க்காரர்களுக்குத் தெரியும். ஆனாலும் கேள்விக்கு அப்பாற்பட்ட இடம் என்று அரசு எதையும் ஒதுக்கிவைத்துக்கொள்ள முடியாது என்பது அன்றைக்கு உறுதியானது.

நாடாளுமன்றம் போட்ட சட்டத்துக்கே இந்த நிலை என்றால், உங்கள் ஊர்ச் சாலையோரத்தில் கட்டிய தடுப்புச் சுவரைப் பற்றிக் கேட்க உங்களுக்கு என்ன தயக்கம்?

மலையில் தடுப்புச் சுவர் சரிவதற்குப் பெரும்பாலும் காரணம் தண்ணீர்தான். சுவருக்குப் பின்னால் மண் ஊறிக் கனக்கிறது; அந்த நீர் வெளியேற வழி வேண்டும். அதற்காகத்தான் சுவரில் துளை விடுகிறார்கள், பின்புறம் கல் நிரப்புகிறார்கள். துளை இல்லாவிட்டாலோ, கல்லுக்குப் பதில் வெட்டிய மண்ணையே தள்ளி மூடியிருந்தாலோ, அடித்தளம் போதிய ஆழத்துக்குப் போகாவிட்டாலோ பெருமழையில் சுவர் தாங்காது. இவற்றில் துளை மட்டும்தான் வெளியே தெரியும். மற்றவை மண்ணுக்குள் போய்விடும். அதன்பிறகு காகிதம் சொல்வதுதான் கணக்கு.

அந்தக் காகிதங்களைக் கேட்டு வாங்க 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஆனால் மனுவில் "சுவர் ஏன் இடிந்தது? யார் பொறுப்பு?" என்று எழுதினால் பதில் வராது. நம் மனுக்கள் அதிகம் தோற்பது இந்த இடத்தில்தான். அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தைத்தான் தகவல் என்று சட்டம் சொல்கிறது; விளக்கமோ கருத்தோ புதிதாக எழுதித் தரவேண்டிய கடமை அலுவலருக்கு இல்லை என்று 2011-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆகவே ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இன்ன ஊரில், இன்ன இடத்துக்கு எதிரே, இன்ன ஆண்டில் கட்டிய சுவருக்கான மதிப்பீடு, வரைபடம், பணி ஆணை, ஒப்பந்தம், பணி முடிவுச் சான்று, பட்டியல் (பில்) தொகை வழங்கிய விவரம் ஆகியவற்றின் நகல். இவற்றோடு அளவுப் புத்தகத்தை மறக்கவே கூடாது. பொறியாளர்கள் 'எம்-புக்' என்பார்கள். நீளம், அகலம், ஆழம், அளந்த தேதி, அளந்தவர் கையெழுத்து எல்லாம் அதில் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு டேப்பால் நீங்களே சுவரை அளந்து பார்க்கலாம். ஒப்பந்தத்தில் குறைகளைச் சரிசெய்து தரும் காலம் எந்தத் தேதிவரை என்றும் பாருங்கள். அதற்குள் சுவர் விரிசல் விட்டால் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும்.

வேலை நடக்கும்போதே கேட்பது இன்னும் நல்லது. பணியை நேரில் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளின் சான்றளித்த மாதிரியைப் பெறவும் சட்டத்தின் 2(ஜே) பிரிவு உரிமை தருகிறது. அடித்தளக் குழி திறந்திருக்கும்போது பார்த்தால்தான் ஆழம் தெரியும். இந்த உரிமையை நம் மக்கள் மிகக் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள் என்பது என் வருத்தம்.

மனுவைத் தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. பொதுத் தகவல் அலுவலர் என்று முகவரியிட்டு, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. சுவர் நெடுஞ்சாலைத் துறையுடையதா, ஊராட்சி ஒன்றியத்துடையதா, பேரூராட்சியுடையதா என்று மலையில் பல நேரம் குழப்பம் வரும். தவறான அலுவலகத்துக்குப் போனாலும் மனுவைத் திருப்பி அனுப்பக் கூடாது. ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே மாற்ற வேண்டும். மனுவின் நகலையும் தபால் ரசீதையும் பத்திரமாக வையுங்கள்.

பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அது மறுப்பு என்றே பொருள். பிறகு தரும் ஆவணத்துக்கு நகல் கட்டணமும் வாங்கக் கூடாது. அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அவர் 30 நாளில், காரணம் எழுதிவைத்தால் 45 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதுவும் பயன்படாவிட்டால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. நியாயமான காரணம் இல்லாமல் தாமதித்த தகவல் அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை ஆணையம் அபராதம் விதிக்கலாம். அது அந்த அலுவலர் சொந்தப் பொறுப்பில் கட்ட வேண்டிய பணம். தேதி தவறினால் பாதிப்பு நமக்கே என்பதால், ஒவ்வொரு கெடு நாளையும் காலண்டரில் குறித்து வையுங்கள்.

கையில் ஆவணம் வந்ததும் கிராம சபைக்குக் கொண்டுபோங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. பேரூராட்சி, நகராட்சியில் இருப்பவர்களுக்குப் பகுதி சபை உண்டு. அளவுப் புத்தகத்தில் உள்ள அளவும் நேரில் எடுத்த அளவும் வேறுபட்டால் அதைத் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். வருகைக்குக் கையெழுத்து வாங்கிவிட்டுத் தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்ளும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. கூட்டம் கலைவதற்கு முன்பே தீர்மானத்தை எழுதி வாசிக்க வைத்து, நகலும் கேளுங்கள்.

இதற்கும் அசையாவிட்டால் அரசமைப்பின் 226-ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றம். நீலகிரி வழக்குகள் சென்னைக்குப் போகும். கொடைக்கானல்காரர்களுக்கு மதுரைக் கிளை. அங்கே முதலில் கேட்பது, நீங்கள் அதிகாரிக்குக் கொடுத்த மனு எங்கே என்றுதான். பெண்களுக்கும், பட்டியல் சாதியினருக்கும், பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

நன்றி, வணக்கம்.