கப்பலை விடுங்கள், வாசலைப் பாருங்கள்

விளக்கை அணைப்பதற்கு முன்னால் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். படம் பார்க்க வந்தவர்களுக்குப் பத்து நிமிடப் பேச்சே அதிகம்தான். ஆனால் இன்று ஓடப்போகிற, கப்பல் கட்டும் தளங்களைப் பற்றிய பழைய துண்டுப் படங்களில் கதை கிடையாது, பாட்டு கிடையாது, பாதிக்கு மேல் பேச்சும் கிடையாது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும். அதை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

ஊர் கிளாஸ்கோ. ஸ்காட்லாந்தில் கிளைடு ஆற்றங்கரையில் இருக்கிறது. முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் உலகம் கட்டிய கப்பல்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரே ஆற்றில்தான் இறங்கியது. நமக்குச் சம்பந்தமில்லாத ஊர் என்று நினைக்க வேண்டாம். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன குடும்பங்களில் 'ரஜூலா' என்ற கப்பல் பெயர் இன்னும் புழங்குகிறது. அது 1926-இல் பார்க்ளே கர்ல் என்ற கிளாஸ்கோ நிறுவனம் கட்டியது. நம்மவர்கள் மேல்தளத்தில் இடம் பிடித்துப் படுத்துப் போன கப்பல், இந்த ஆற்றங்கரைக்காரர்களின் கைவேலை.

இனி வாசலுக்கு வருவோம். சினிமா பிறந்ததே தொழிற்சாலை வாசலில்தான். 1895-இல் பிரான்சின் லியோன் நகரில் லூமியேர் சகோதரர்கள் தங்கள் தொழிற்சாலையிலிருந்து ஆட்கள் வெளியே வருவதைப் படம் பிடித்தார்கள். அப்புறம் பிரிட்டனில் அது ஒரு வியாபாரமாகவே ஆனது. பிளாக்பர்னைச் சேர்ந்த மிட்செல், கென்யன் என்ற இருவர் ஊர் ஊராகப் போய் ஆலை வாசலில் கேமராவை நிறுத்துவார்கள். வேலை விட்டு வரும் கூட்டத்தை எடுத்து, அதே ஊர்க் கொட்டகையில் போட்டுக் காட்டுவார்கள். திரையில் தன் முகம் தெரிகிறதா என்று பார்க்கத் தொழிலாளி காசு கொடுத்து உள்ளே வருவான். வரலாற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்றெல்லாம் அவர்கள் நினைக்கவில்லை, டிக்கெட் விற்றால் போதும். இங்கிலாந்தின் பாரோ என்ற கடற்கரை ஊரில், போர்க்கப்பல் கட்டிய விக்கர்ஸ் மேக்சிம் நிறுவனத்து ஆட்கள் வெளியே வருவதை 1901-இல் எடுத்தது இவர்கள்தான். இவர்களுடைய சுருள்கள் சுமார் 800, ஒரு கடையின் நிலவறையில் உலோகப் பீப்பாய்களில் கிடந்து, 1994-இல்தான் வெளியே வந்தன.

தொழிலாளி நேராகக் கேமராவைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கும் காலம் அது. கொட்டகைகளில் காட்டிய செய்திப்படமான நியூஸ்ரீல் வந்ததும் கேமரா திரும்பிக்கொண்டது. அதற்குக் கப்பல் வேண்டும், ராணி வேண்டும், கப்பலை நீரில் இறக்கும் விழாவில் உடைகிற ஒயின் பாட்டில் வேண்டும்.

கிளாஸ்கோவை ஒட்டிய கிளைடுபேங்கில், ஜான் பிரவுன் கப்பல் கட்டும் தளத்தில், 1934 செப்டம்பர் 26 அன்று குயின் மேரி என்ற பெரும் பயணிகள் கப்பல் நீரில் இறங்கிய படத்தைப் பாருங்கள். கொட்டும் மழை, கண்ணுக்கெட்டிய வரை குடை. அதுவரை கப்பலுக்குப் பெயர் கிடையாது, 534 என்ற எண்தான். எதிரே ஆறு குறுகல். அதனால் கார்ட் என்ற கிளையாறு வந்து சேரும் வாய்க்கு நேராகச் சாய்வாகத்தான் கப்பலை விட வேண்டும். அப்படி விட்டாலும் எதிர்க்கரையில் போய் இடிக்காமலிருக்க, இரண்டு பக்கமும் சங்கிலிக் குவியல்களைக் கட்டிவிடுவார்கள். கப்பல் சறுக்கத் தொடங்கியதும் அவை ஒவ்வொன்றாக இழுபட்டு அதைப் பிடித்து நிறுத்தும். எத்தனை தடவை பார்த்தாலும் அந்தச் சங்கிலி புரள்கிற இடத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

ஆனால் நான் உங்களைப் பார்க்கச் சொல்வது அதே ஆண்டு ஏப்ரலை. பொருளாதார மந்தத்தில் 1931 டிசம்பரில் 534-இன் வேலை நின்றுபோனது. பாதி கட்டிய கப்பல் இரண்டு ஆண்டுக்கு மேல் சறுக்குமேடையிலேயே துருப்பிடித்துக் கிடந்தது. ஊரே வேலையில்லாமல் இருந்தது. அரசுக் கடன் கிடைத்து வேலை மறுபடி தொடங்கிய நாளில், முன்னே பைப் வாத்தியம் முழங்க ஆட்கள் ஊர்வலமாக வாசலுக்குள் போனார்கள். லூமியேர் படத்தில் வெளியே வருகிறார்கள், இங்கே உள்ளே போகிறார்கள். வேலைக்குப் போவதற்கு மேளதாளம் வைத்த நாள் அது!

உள்ளே நடந்த வேலை படத்தில் எவ்வளவு இருக்கிறது என்றால், கொஞ்சம்தான். அந்தக் கப்பலில் 1 கோடிக்கு மேல் ரிவெட், அதாவது இரும்புத் தகடுகளை இணைக்கும் ஆணி. ஒருவன் உலையில் பழுக்கக் காய்ச்சுவான், ஒருவன் தூக்கிப்போட ஒருவன் பிடிப்பான், ஒருவன் பின்னாலிருந்து தாங்க, இருவர் அடிப்பார்கள். அந்த ஓசையில் பலருக்குக் காது போயிற்று. நமக்கோ அது ஓசையில்லாத படமாக வருகிறது. சத்தம் இருந்தாலும் பெரும்பாலும் ஸ்டூடியோவில் பிறகு சேர்த்தது. பழைய படங்களில் ஆட்கள் குடுகுடுவென்று ஓடினால் சிரிக்காதீர்கள். நொடிக்குப் பதினாறு, பதினெட்டு ஃபிரேம் என்று எடுத்ததை இருபத்துநான்கில் ஓட்டுவதால் வந்த வினை அது.

போர்க்கப்பல் என்றால் விஷயம் வேறு. போர்க்காலத்தில் தணிக்கைக்காரர் கண்ணில் படாமல் எந்த நியூஸ்ரீலும் திரைக்கு வராது, பல சமயம் ஊர்ப் பெயரே சொல்ல மாட்டார்கள். 1944 நவம்பர் 30 அன்று அதே ஜான் பிரவுன் தளத்தில் வான்கார்டு என்ற பெரும் போர்க்கப்பலை இறக்கியவர் 18 வயது இளவரசி எலிசபெத். அது கடற்படையில் சேர்வதற்குள் போரே முடிந்துவிட்டது. 1960-இல் உடைப்பதற்காக அதை இழுத்துக்கொண்டு போன ஃபாஸ்லேனும் கிளைடு முகத்துவாரப் பகுதிதான். பிறந்த வீட்டு வாசலிலேயே உடைத்தார்கள்.

இவையெல்லாம் தப்பிப் பிழைத்ததே அதிசயம். 1950-களின் தொடக்கம் வரை புழங்கிய நைட்ரேட் ஃபிலிம் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றியும் அணையாது, எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. அடுத்து வந்த அசிட்டேட் ஃபிலிம் எளிதில் பற்றிக்கொள்ளாது, ஆனால் கெட்டுப்போகும். டப்பாவைத் திறந்தால் காடி வாடை அடிக்கும். ஸ்காட்லாந்தில் இதற்கென்று ஒரு காப்பகம் 1976-இல்தான் வந்தது. இப்போது அது தேசிய நூலகத்தின் பகுதியாக கிளாஸ்கோவின் கெல்வின் ஹாலில் இருக்கிறது.

கடைசியாக ஓடப்போவது 1971. அப்பர் கிளைடு கப்பல் நிறுவனம் திவாலாகி, ஆயிரக்கணக்கானோர் வேலை போகும் நிலை. தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்யவில்லை. தளத்தைத் தங்கள் கட்டுப்பாட்டில் எடுத்து வேலையைத் தொடர்ந்தார்கள், வாசலில் காவலும் அவர்களே. அடிதடி கூடாது, உடைப்பு கூடாது, குடி கூடாது, உலகம் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தொழிற்சங்கத் தலைவர் ஜிம்மி ரீட் சக தொழிலாளர்களிடம் சொன்னார். தொலைக்காட்சிக் கேமராக்கள் எதிரே இருந்தன. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அரசு இறங்கிவந்து 3.5 கோடி பவுண்டு கொடுத்தது.

சரி, விளக்கை அணைக்கலாம். முதல் சுருளில் இடது ஓரத்தில் ஒரு பையன் கேமரா நகர நகரக் கூடவே ஓடி வருவான். அவனை விட்டுவிடாதீர்கள்.