நெம்புகோல் எஸ்பிரெசோ இயந்திரம்: மானி காட்டும் அழுத்தமும் கை தரும் அழுத்தமும்

வணக்கம். வீட்டுப் பாவனைக்கான நெம்புகோல் எஸ்பிரெசோ இயந்திரத்தில் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் எவ்வாறு சீராக்குவது என்பதை இந்தக் காணொளியில் பார்க்கப் போகிறோம். இத்தகைய இயந்திரத்தைப் புதிதாக வாங்கியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். சூடான நீரைக் கோப்பித்தூளினூடே அழுத்தித் தள்ளி வடிக்கும் எஸ்பிரெசோவுக்கு 9 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அழுத்தம் வேண்டும் என்று எங்கும் சொல்லப்படுகிறது. ஆனால் இயந்திரத்தில் உள்ள மானியின் முள்ளோ 1 பாரைக்கூடத் தொடுவதில்லை. பழுது என்று எண்ணி, அடித்தட்டைக் கழற்றி, கொதிகலன் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் திருகைத் திருப்பத் தொடங்கிவிடுகிறார்கள்.

பழுது எதுவும் இல்லை. அந்த மானி கோப்பித்தூளின் மீது விழும் அழுத்தத்தை அளப்பதே இல்லை. அது கொதிகலனுக்குள் இருக்கும் நீராவியின் அழுத்தத்தை மட்டுமே காட்டுகிறது; ஆகவே அதை ஒரு வெப்பமானியாகவே வாசிக்க வேண்டும். கோப்பியின் மீது விழும் அழுத்தம், சில இயந்திரங்களில் உங்கள் கையிலிருந்தும், வேறு சிலவற்றில் பிஸ்டனுக்கு மேலுள்ள சுருள்வில்லிலிருந்தும் வருகிறது. இவ்விரண்டு அழுத்தங்களையும் மனத்தில் பிரித்து வைத்துக்கொண்டால், இந்த இயந்திரத்தின் போக்கில் பெரும்பகுதி புரிந்துவிடும்.

[காட்சி: கொதிகலன் மானி, அண்மையில்]

முதலில் வெப்பநிலை. மூடிய கலனில் நீரும் அதன் ஆவியும் மட்டும் இருக்கும்போது, அழுத்தம் தெரிந்தால் வெப்பநிலையும் தெரிந்துவிடும். மானி 0.5 பார் காட்டினால் நீர் ஏறத்தாழ 111 பாகை செல்சியஸில் இருக்கிறது; 0.8 பாரில் 117 பாகை; 1 பாரில் 120 பாகை. வீட்டில் பருப்பு அவிக்கும் பிரஷர் குக்கரும் இந்த விதிப்படியே வேலை செய்கிறது. லா பவோனி நிறுவனத்தின் யூரோபிக்கோலா போன்ற சிறிய இயந்திரங்கள் பெரும்பாலும் 0.7 முதல் 0.9 பார் வரையான எல்லைக்குள் இயங்குமாறு அமைக்கப்பட்டிருக்கும்.

இங்கே ஒரு பொறி உண்டு. குளிர்ந்த இயந்திரத்தை மூடிச் சூடாக்கும்போது, நீருக்கு மேலே அடைபட்ட காற்றும் சூடாகி விரிய முயல்கிறது. மானிக்குக் காற்று எது, நீராவி எது என்று பிரித்தறியத் தெரியாது. எனவே முள் 0.8 இல் நின்று, வெப்பமூட்டியும் தானாக அணைந்துவிட்ட நிலையில், நீர் இன்னும் 100 பாகையைக்கூட எட்டாமல் இருக்கலாம். நீராவிக் குழாயின் திருகை மெதுவாகத் திறந்து பாருங்கள்: முதலில் துப்பலும் சீறலுமாகக் காற்று வெளியேறும், முள் வேகமாகக் கீழே விழும், வெப்பமூட்டி மீண்டும் இயங்கத் தொடங்கும். தொடர்ச்சியான நீராவி வரத் தொடங்கியதும் மூடிவிடுங்கள். அடுத்த முறை முள் 0.8 ஐ எட்டும்போது அது உண்மையான 0.8 ஆக இருக்கும். காற்றைத் தானாகவே வெளியேற்றும் வால்வு பொருத்தப்பட்ட இயந்திரமாயின் இந்த வேலை உங்களுக்கு இல்லை.

[காட்சி: குரூப் பகுதி]

கோப்பியை வடிக்க நமக்குத் தேவையானது 90 முதல் 96 பாகை வரையான நீர். கொதிகலனிலோ 117 பாகை. மிகுதி வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வது குரூப் எனப்படும், போர்ட்டாஃபில்டர் (தூளை நிரப்பும், கைப்பிடியுள்ள வடிகலன்) பூட்டப்படும் அந்தக் கனமான உலோகப் பகுதி. வடிக்கும் வெப்பநிலையைத் தீர்மானிப்பதில், என் கருத்துப்படி, மானியைவிட இந்த உலோகத்துக்கே பெரிய பங்கு இருக்கிறது. கொதிகலன் அழுத்தத்தை 0.1 பார் குறைத்தால் நீரின் வெப்பநிலை இரண்டு பாகைக்கும் குறைவாகவே இறங்கும். ஆனால் முதல் கோப்பைக்கும் மூன்றாவது கோப்பைக்கும் இடையில் குரூப் அதைப்போலப் பல மடங்கு சூடேறிவிடக்கூடும். முதல் கோப்பை புளித்தும் மூன்றாவது கோப்பை கரிந்த கசப்போடும் வந்தால், காரணம் திருகு அல்ல, குரூப்.

கொழும்பில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ஒரு பொருள் வெப்பத்தை இழக்கும் வேகம் அதற்கும் சூழலுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. 15 பாகைக் குளிரில் இருக்கும் ஐரோப்பியச் சமையலறையில், 90 பாகையில் உள்ள குரூப்புக்கு வேறுபாடு 75 பாகை. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ, 30 பாகையில் இருக்கும் ஒரு தொடர்மாடி வீட்டின் சமையலறையில் அது 60 பாகை மட்டுமே. அதாவது நம் இயந்திரம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே வெப்பத்தை இழக்கிறது. குளிர்நாட்டவர்கள் குரூப்பைச் சூடாக்கச் சொல்லித் தரும் வழிகள், வெறுநீரை இரண்டு மூன்று முறை ஓடவிடுவது உட்பட, இங்கே பெரும்பாலும் தேவையற்றவை. நமக்கு வேண்டியது குளிர்விக்கும் வழி.

குரூப்பின் வெளிப்புறத்தில் ஒட்டும் வெப்பநிலைப் பட்டை ஒன்றை வாங்கி ஒட்டிக்கொள்ளுங்கள். அது காட்டும் எண் உள்ளே ஓடும் நீரின் வெப்பநிலை அல்ல, எனவே எண்ணைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நன்றாக வந்த கோப்பையின்போது பட்டை எதைக் காட்டியது என்பதைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறையும் அதே இடத்தில் தொடங்குங்கள். அதைத் தாண்டிவிட்டால், போர்ட்டாஃபில்டரைக் குளிர்ந்த நீரில் சற்று நனைத்துத் துடைத்து, வெறுமையாகக் குரூப்பில் பூட்டி அரை நிமிடம் விடுங்கள். உலோகத்தின் சூட்டை அது வாங்கிக்கொள்ளும். ஈரத்துணியைச் சுற்றினாலும் போதும். இயந்திரத்தை ஒரு மணித்தியாலம் எரியவிட்டுப் பிறகு வடிப்பதைத் தவிர்த்து, சூடாகிய சிறிது நேரத்திலேயே வடிப்பது இங்கே நல்ல வழக்கம்.

கொதிகலன் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பிரஷர்ஸ்டாட் திருகைத் தொடுவது இதற்கெல்லாம் பிறகுதான். தொடவேண்டியே வந்தால், பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, அழுத்தம் முழுவதும் இறங்கி, இயந்திரம் ஆறிய பின்னரே அடித்தட்டைத் திறக்க வேண்டும். உள்ளே 230 வோல்ட் மின்னிணைப்பு இருக்கிறது. கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். மின்வேலையில் பழக்கம் இல்லாதவர்கள் இதை ஒரு மின்னியலாளரிடம் விட்டுவிடுவதே முறை.

[காட்சி: நெம்புகோல் மேலெழுகிறது]

இனிக் கை தரும் அழுத்தம். மிலான் நகரத்து அகில்லே காஜியா, நீராவியின் அழுத்தத்தை நம்பாமல் சூடான நீரைத் தூளினூடே தள்ளும் முறைக்கு 1938இல் காப்புரிமை கோரினார். போருக்குப் பின் வந்த அவருடைய நெம்புகோல் இயந்திரங்களோடுதான் கோப்பியின் மேல் படியும் பொன்னிற நுரையும் புகழ்பெற்றது. தள்ளுவதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். 51 மில்லிமீற்றர் விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு ஏறத்தாழ 20 சதுர சென்ரிமீற்றர். அதன் மீது 9 பார் என்றால் 185 கிலோ எடைக்கு ஒப்பான விசை. நெம்புகோல் அதைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தாலும், கைக்கு 18 கிலோ மிஞ்சும். அந்த 18 கிலோ எப்படி இருக்கும் என்பதை அறிய, உடல் எடை பார்க்கும் தராசை மேசையில் வைத்து, முள் 18 ஐத் தொடும்வரை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். பலர் எதிர்பார்ப்பதைவிட அது கனமானது.

ஆனால் எவ்வளவு பலசாலியானாலும், தூள் எதிர்த்து நிற்காவிட்டால் அழுத்தம் உருவாகாது. ஆகவே அழுத்தத்தைச் சீராக்கும் உண்மையான கருவி கிரைண்டர். நெம்புகோல் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் தூள் கரடுமுரடு. முழு உடல் எடையைக் கொடுத்தும் அசையாவிட்டால் மிக நுண்மை.

14 கிராம் தூளை நிரப்பிச் சமமாக அழுத்திப் பூட்டிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். நெம்புகோலை முழுவதும் உயர்த்துங்கள். பிஸ்டன் மேலேறியதும் துவாரங்கள் திறந்து, கொதிகலனின் அந்தச் சிறிய அழுத்தத்தாலேயே நீர் தூளின் மேல் பாய்கிறது. அது பாயும் மெல்லிய ஓசையைக் கேட்கலாம். எட்டுப் பத்து வினாடிகள் அப்படியே பிடித்திருங்கள். போர்ட்டாஃபில்டரின் அடியில் முதல் துளிகள் கருமையாகத் தோன்றும்போது கீழ்நோக்கி அழுத்தத் தொடங்கி, இரண்டு மூன்று வினாடிகளில் முழு விசையை எட்டி, தாரை வெளிறத் தொடங்கியதும் விசையைப் படிப்படியாகத் தளர்த்துங்கள். சுருள்வில் இயந்திரங்களில் வில் விரிய விரிய அதன் விசை குறைவதால் இத்தளர்வு தானாகவே நிகழ்கிறது. 28 கிராம் அளவு கோப்பி 25 முதல் 30 வினாடிகளில் வந்தால் நல்ல தொடக்கம்.

நடுவில் நெம்புகோல் திடீரென்று இலகுவாகிவிட்டால், நீர் தூளில் ஒரு பக்கமாக வழி உடைத்துக்கொண்டது என்று பொருள். அப்போது கூடுதலாக அழுத்துவது அந்த வழியை இன்னும் அகலமாக்கும். விசையைக் குறைத்து முடித்துவிட்டு, அடுத்த முறை தூளைப் பரப்புவதில் கவனம் செலுத்துங்கள்.

கொதிகலன் இல்லாத, கேத்தலில் கொதித்த நீரை ஊற்றிப் பயன்படுத்தும் ஃபிளேர் போன்ற நெம்புகோல்களிலும் கை அழுத்தத்தின் விதி இதுவே. அவற்றில் நீரைத் தாங்கும் உலோகக் கலனை முன்கூட்டிச் சூடாக்குவதே வெப்பநிலைக் கட்டுப்பாடு. கொழும்பில் நீர் 100 பாகையில் கொதிக்கும். அதே இயந்திரத்தை நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும் என்பதால், அங்கே நன்றாகச் சூடாக்கிய கலன் இன்னும் முக்கியமாகிறது.

சுவையைத் திருத்தும்போது ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கடும் வறுவலாயின் குரூப்பைச் சற்றுக் குளிர்ந்த நிலையில் தொடங்குங்கள். இளம் வறுவலாயின் சூடான நிலையில். புளிப்பு நீங்காவிட்டால் தூளை நுண்மையாக்குங்கள். கோப்பி வடிந்த பிறகும் போர்ட்டாஃபில்டருக்குள் அழுத்தம் மிஞ்சியிருக்கும். உடனே கழற்றினால் சூடான தூளும் நீரும் தெறித்துக் கையைச் சுடும். தாரை முழுவதும் நின்று, சொட்டுகளும் ஓய்ந்த பிறகு, மெதுவாகத் திருப்பிக் கழற்றுங்கள்.