ஃபைல் மூடின பிறகு வீட்டில ஆர் இருப்பினம்?

நடுவர் ஐயா, எதிரணியில கதைச்ச அண்ணை, தங்கச்சி, என்ர அணிக்காரர், இந்தக் குளிருக்கயும் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம். தலைப்பை ஒருக்காத் திருப்பிச் சொல்லிப்போட்டுத் தொடங்கிறன். "மோகாக் ஊர்களில உடைஞ்ச குடும்பத்தைச் சேர்க்கிறது கோட்ஸ் தீர்ப்போ, ஊர் வட்டமோ?" மோகாக் எண்டது இந்தக் கனடா மண்ணின்ர பூர்வீக இனங்களில ஒண்டு. ஊர் வட்டம் எண்டா பிழை செய்தவர், பாதிக்கப்பட்டவர், ரெண்டு பேரின்ர சொந்தங்கள் எல்லாரும் ஒண்டா இருந்து கதைச்சுத் தீர்க்கிற முறை. நான் வட்டத்துக்குக் கதைக்க வந்திருக்கிறன்.

மொன்றியலில இருக்கிற எங்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை ஐயா. மெர்சியே பாலத்தால ஆத்தைக் கடந்து இறங்கினா அங்கால கானவாகே எண்ட மோகாக் ஊர். நான் இந்த நாட்டுக்கு வந்து ரெண்டாவது வருசம், 1990 ஜூலை 11, ஓக்காவில கோல்ஃப் மைதானத்தைப் பெருப்பிக்கிறதுக்கு கனேசதாகே மோகாக் ஆக்களின்ர பைன் மரக்காட்டிலயும் சவக்காலைப் பக்கத்திலயும் கை வைக்க வெளிக்கிட்டதில தொடங்கின பிரச்சினை 78 நாள் போச்சுது, கானவாகே ஆக்கள் தங்கட சொந்தங்களுக்காக இந்தப் பாலத்தை மறிச்சினம், நானும் மற்ற ஆக்களைப் போல வேலைக்குப் போற வழி அடைபட்டுப்போச்சு எண்டு புறுபுறுத்தனான். ஏன் மறிக்கினம் எண்டு நான் ஒருத்தரிட்டயும் கேக்கேல்லை. சொந்த ஊரில காணி போய் ஓடி வந்தவன் நான், நான் கேட்டிருக்க வேணும். அந்தக் கவலை இண்டைக்கும் இருக்கு, அதாலதான் இந்தத் தலைப்பில கதைக்க வேணும் எண்டு கேட்டு வாங்கினனான்.

அண்ணை என்ன சொன்னவர்? "சட்டம் எல்லாருக்கும் ஒண்டு, ஊருக்கு ஒரு நீதி எண்டு வந்தா நாடு என்னத்துக்கு" எண்டார். கைதட்டும் விழுந்தது. நான் கேக்கிறன், அந்த ஒரே சட்டம் இந்தக் குடும்பங்களுக்கு என்ன செய்தது? மோகாக் ஆக்கள் தங்களைக் கனியன்கெஹாகா எண்டு சொல்லுவினம், சிக்கிமுக்கிக் கல்லின்ர மக்கள் எண்டு கருத்து. இறோக்குவா எண்டும் சொல்லுற ஹோடினோஷோனி, அதாவது பல பூர்வீக இனங்கள் சேர்ந்த கூட்டமைப்பு, அதின்ர கிழக்கு வாசலைக் காக்கிற இனம். அவைக்கு எல்லாம் தாய் வழி. கரடி, ஓநாய், ஆமை எண்டு குலம், பிள்ளை தாயின்ர குலத்தில பிறக்குது, தலைவர் ஆர் எண்டு தெரிவு செய்யிறதும் அவர் பிழை விட்டா பதவியால இறக்கிறதும் குலத்தாய்மார். இப்பிடி இருந்த ஆக்களிட்ட 1869இல ஒரு சட்டம் போய்ச் சொல்லுது, பூர்வீக இனத்தைச் சேராத ஒருத்தரைக் கலியாணம் கட்டின பொம்பிளைக்கு இனி உரித்து இல்லை, அதாவது சட்டப்படி அவ பூர்வீக ஆள் இல்லை எண்டு. ஆம்பிளை வெளியில கட்டினா அவருக்கு ஒண்டும் போகாது. 1876இல பூர்வீக ஆக்களுக்கெண்டு வந்த இந்தியன் அக்ட் எண்ட சட்டம் அதை அப்பிடியே வைச்சிருந்தது. தாய் வழியில நிக்கிற சமூகத்தில தாயையே வெட்டி விட்டா மிச்சம் என்ன இருக்கும்? கானவாகேயில பிறந்த மேரி டூ-ஆக்ஸ் ஏர்லி எண்ட அம்மா இதுக்காக வருசக்கணக்காப் போராடி, 1985இல சட்டம் மாறின பிறகு முதல் முதலா உரித்தைத் திருப்பி வாங்கினவா. அப்ப அவவுக்கு எழுவது வயசு தாண்டிட்டுது ஐயா.

1920இல இன்னொரு திருத்தம். பூர்வீகப் பிள்ளையளை வீட்டிலயிருந்து பிரிச்சு அங்கயே தங்க வைக்கிற வதிவிடப் பாடசாலைக்கு அனுப்ப வைக்க அரசாங்கத்துக்குக் கட்டாய அதிகாரம். ஒன்ராறியோ பிரான்ட்ஃபோர்ட்டில மோகாக் இன்ஸ்டிடியூட் எண்டு ஒண்டு இருந்தது, 1970இலதான் மூடினவை. ஒவ்வொரு நாளும் கஞ்சி மாதிரி ஒண்டைத்தான் குடுத்தவை எண்டதால பிள்ளையள் அந்த இடத்துக்கு வைச்ச பேரே கஞ்சிக் குழி. அங்க தாய்மொழி கதைச்சா அடி. அஞ்சு ஆறு வயசில போன பிள்ளை பதினாறு வயசில திரும்பி வரேக்க அம்மம்மாவோட கதைக்கப் பாசை இல்லை, பிள்ளையைக் கட்டிப் பிடிக்கிறது எப்பிடி எண்டு ஆரும் காட்டித் தரேல்லை, பிறகு அந்தப் பிள்ளையே தாயாகுது தகப்பனாகுது, குடிக்குது, கை நீட்டுது. அப்ப அதே அரசாங்கம் திருப்பி வந்து "நீ நல்ல தாய் இல்லை" எண்டு சொல்லி அவவின்ர பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போகுது. தங்கச்சி, நீங்கள் "பிள்ளையின்ர பாதுகாப்பு" எண்டு சொன்னீங்களே, இந்தச் சங்கிலியை ஆர் தொடக்கினது எண்டு ஒரு வசனம் சொல்லியிருக்கலாம்.

2021 கணக்கெடுப்பு என்ன சொல்லுது? கனடாவில 15 வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையளில பூர்வீகப் பிள்ளையள் 7.7 வீதம். வளர்ப்பு வீடுகளில இருக்கிற அந்த வயசுப் பிள்ளையளில அவை 53.8 வீதம். மறியலை, சிறையைத்தான் சொல்லுறன், பாருங்கோ, நாட்டு சனத்தொகையில 5 வீதமா இருக்கிற ஆக்கள் மத்திய மறியல்களில கிட்டத்தட்ட மூண்டில ஒரு பங்கு, பொம்பிளையளுக்க பாதி. கோட்ஸ் குடும்பத்தைச் சேர்க்கும் எண்டு வாதாடுறவை இந்தக் கணக்கை வைச்சுக்கொண்டு வாதாட வேணும்.

இப்ப ஒரு விசயம் சொல்லுறன், இது எங்கட சனத்துக்கு உடன விளங்கும். 19ஆம் நூற்றாண்டில லூயிஸ் ஹென்றி மோர்கன் எண்ட அமெரிக்க ஆய்வாளர் ஹோடினோஷோனி ஆக்களின்ர உறவுமுறையையும் தமிழ் ஆக்களின்ர உறவுமுறையையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாத்து அப்பிடியே அதிசயப்பட்டுப் போனவர். தாயின்ர சகோதரியும் தாய், தகப்பன்ர சகோதரனும் தகப்பன், அவையின்ர பிள்ளையள் எங்களுக்குச் சகோதரம். நாங்கள் பெரியம்மா சின்னம்மா எண்டு சொல்லுறம், அந்தச் சொல்லுக்குள்ளயே அம்மா இருக்குது. இப்ப யோசியுங்கோ, ஒரு பிள்ளையின்ர அம்மாவுக்கு ஏலாது, குடிப் பிரச்சினை, வைத்தியம் எடுக்க வேணும். கோட்ஸ் ஃபோர்மில சின்னம்மா ஆர்? ஒரு "ஆன்ட்". அவவின்ர வீட்டில எத்தினை அறை, வருமானம் எவ்வளவு, பட்டியலில பேர் இருக்கோ எண்டு பாத்துப்போட்டு, பேர் தெரியாத ஒரு வீட்டுக்குப் பிள்ளையை அனுப்பும். ஊர் வட்டத்தில அதே சின்னம்மா வந்து குந்தினா அவ இன்னொரு அம்மா. அவவிட்ட ஆரும் தகுதி கேக்கிறேல்லை, உனக்கு என்ன உதவி வேணும் எண்டுதான் கேப்பினம். எனக்கு இந்த ஒரு வித்தியாசமே காணும் ஐயா, ஆனா தங்கச்சிக்குக் காணாதாம், அதால மேல சொல்லுறன்.

கானவாகேயில ஸ்கென்னென் அவோன்சொன்டொன் எண்டு ஒரு திட்டம் இருக்குது. "திருப்பிச் சமாதானமாகிறது" எண்டு கருத்து. பேரில குற்றமும் இல்லை தண்டனையும் இல்லை, கவனிச்சீங்களோ. கேஸ் ஊரின்ர கோட்ஸிலயிருந்தும் வரலாம், பீஸ்கீப்பர்ஸ் எண்ட ஊர்ப் பொலிஸிலயிருந்தும் வரலாம், சண்டை பிடிச்ச ஆக்கள் தாங்களாவும் வரலாம். அந்தப் பொலிஸ் எப்பிடி வந்தது தெரியுமோ? 1979இல கியூபெக் மாகாணப் பொலிஸ் ஒரு கானவாகே இளைஞரைச் சுட்டுக் கொன்ற பிறகு ஊரே தனக்கெண்டு உருவாக்கினது. சரி, வட்டத்தில என்ன நடக்கும்? செய்தவர் முதல்ல "நான்தான் செய்தனான்" எண்டு ஒப்புக்கொள்ள வேணும். கோட்ஸில லோயர் முதல்ல சொல்லிக் குடுக்கிறதே வாயைத் திறக்காதை எண்டுதானே. வட்டத்தில பாதிக்கப்பட்டவர் கதைப்பார், அவரின்ர ஆக்கள் கதைப்பினம், செய்தவரின்ர தாய், மாமா, அண்ணை எல்லாம் அதைக் கேட்டுக்கொண்டு இருக்க வேணும். தன்ர சொந்த மாமா தலையைக் குனிஞ்சுகொண்டு இருக்கிறதைப் பாக்கிறது லேசான காரியமோ? "வட்டம் மெத்தனம்" எண்டு அண்ணை சொன்னவர். தெரியாத நீதவானுக்கு முன்னால பதினைஞ்சு நிமிசம் நிண்டு தண்டம் கட்டிப்போட்டுப் போறதுதான் எனக்கு லேசாத் தெரியுது.

இது நேற்று முளைச்ச யோசனையும் இல்லை. ஹோடினோஷோனி ஆக்களின்ர பழைய கதையில ஹயவாதா எண்ட தலைவர் தன்ர மகள்மாரைப் பறிகுடுத்துப்போட்டு காட்டில தனிய அலைஞ்சவராம். அந்தத் துக்கத்தில இருக்கிற மனுசனிட்ட அந்தக் கூட்டமைப்பைச் சேர்த்து வைச்ச சமாதானத் தூதுவர் வந்து, சிப்பி மணிக் கோர்வையைக் கையில பிடிச்சுக்கொண்டு, உன்ர கண்ணீரை மான் தோலால துடைக்கிறன், உன்ர காதில அடைபட்டதை எடுத்து விடுறன், உன்ர தொண்டையில சிக்கினதுக்குத் தண்ணி தாறன் எண்டு சொன்னாராம். கண், காது, தொண்டை. துக்கத்தில இருக்கிறவனுக்குக் கண்ணும் தெரியாது, ஒருத்தர் சொல்லுறதும் கேக்காது, கதைக்கவும் வராது, அதால முதல்ல இந்த மூண்டையும் திறந்துபோட்டுத்தான் நியாயம் கதைக்கிறது. கொலை நடந்தாக்கூட பழிக்குப் பழி வேண்டாம் எண்டு, செய்தவன்ர ஆக்கள் மணிக்கோர்வை குடுத்து ஆறுதல் படுத்துற முறை இருந்தது, செத்தது ஆம்பிளையெண்டா 20 கோர்வை, பொம்பிளையெண்டா 30. பொம்பிளைக்கு ஏன் கூட எண்டு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இப்ப தங்கச்சியின்ர பெரிய கேள்விக்கு வாறன். "அடிச்ச புருசனையும் அடிவாங்கின மனுசியையும் ஒரே வட்டத்தில இருத்துறது நியாயமோ, ஊரில எல்லாரும் சொந்தம், அவளை அமுக்கிப்போடுவினம்" எண்டு கேட்டவா. நல்ல கேள்வி, இதைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. வட்டம் விருப்பத்தோட வாறது. அவ வேண்டாம் எண்டா வட்டம் இல்லை. பாரதூரமான குற்றம் எண்டா பீஸ்கீப்பர்ஸ் பிடிக்கலாம், கேஸ் மாகாண கோட்ஸுக்குப் போகலாம், அந்தக் கதவை ஆரும் பூட்டேல்லை. ஊரும் பிழை விடும் எண்டதையும் ஒப்புக்கொள்ளுறன். வெளியில கட்டினவை ஊரில இருக்கக் கூடாது எண்டு கானவாகே நிர்வாகம் வைச்சிருந்த விதி பாகுபாடு எண்டு 2018இல கியூபெக் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1869இல ஒட்டாவா அரசாங்கம் படிப்பிச்ச பாடம் ஊருக்குள்ளயும் போய் இருந்திட்டுது எண்டுதான் நான் அதைப் பாக்கிறன், ஆனா அந்தக் குடும்பங்களின்ர வலி வலிதான், அங்க கோட்ஸ் தேவைப்பட்டது. ஆனா ஐயா, இண்டைய கேள்வி உரிமையை ஆர் நிலைநாட்டுறது எண்டு இல்லை, உடைஞ்ச குடும்பத்தை ஆர் சேர்க்கிறது எண்டது. அந்தத் தீர்ப்பு வீட்டில இருக்கிற உரிமையைக் குடுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் திருப்பி முகம் பாத்துக் கதைக்கிறதைத் தீர்ப்பால குடுக்க ஏலாது.

அக்வெசாஸ்னே எண்ட இன்னொரு மோகாக் ஊரைப் பாருங்கோ. ஒரே ஊர், ஆனா ஒரு பக்கம் ஒன்ராறியோ, ஒரு பக்கம் கியூபெக், ஒரு பக்கம் நியூயோர்க். தாய் ஒரு நாட்டில, தகப்பன் ஆத்துக்கு அங்கால இன்னொரு நாட்டில, பிள்ளை ஆரோட இருக்கிறது எண்டு கேட்டா எந்தச் சட்டம்? கோடு கீறினவை ஒருத்தரும் அங்க குடியிருந்த சனத்தைக் கேக்கேல்லை. 2016இல அந்த ஊர் தன்ர சொந்தக் கோட்ஸ் சட்டத்தை நிறைவேத்தினது, இந்தியன் அக்டின்ர கீழ இல்லாமல் தன்ர அதிகாரத்தில. எதிரணி இதை எடுத்து "பாத்தீங்களோ அவையும் கோட்ஸ்தான் வைச்சிருக்கினம்" எண்டு சொல்லப் பாக்கும். சொல்லட்டும். அந்தக் கோட்ஸ் பிழை செய்தவனிட்ட என்ன திறமை இருக்குது, அதை வைச்சு அவன் செய்த சேதத்தை எப்பிடி ஈடு செய்யலாம் எண்டு கேக்குது. அது வட்டத்தின்ர கேள்வி, கட்டடம் மட்டும்தான் கோட்ஸ்.

கனடாச் சட்டமே எங்கட அணிக்குச் சாட்சி சொல்லுது. பூர்வீக ஆக்களுக்குத் தண்டனை குடுக்கேக்க மறியலை விட வேற வழி இருக்கோ எண்டு விசேசமாப் பார் எண்டு 1996இல குற்றவியல் கோவையில எழுதினவை, 1999இல கிளாடு வழக்கில உச்ச நீதிமன்றம் அதைச் சும்மா எழுத்தா விடாதை எண்டு சொன்னது. பிள்ளையள் விசயத்தில தங்கட சட்டத்தைத் தாங்களே செய்யலாம் எண்ட மத்திய சட்டம் 2020 ஜனவரி 1இல நடைமுறைக்கு வந்தது, கியூபெக் எதிர்த்து வழக்குப் போட்டது, 2024 பெப்ரவரியில உச்ச நீதிமன்றம் ஒருமனதாச் சட்டம் சரி எண்டிட்டுது.

கடைசியா ஒண்டு. வட்டம் முடிஞ்ச அடுத்த நாள் என்ன நடக்கும் எண்டு தங்கச்சி கேட்டவா, அதுதான் எனக்குப் பிடிச்ச கேள்வி. கானவாகேயில ஷகொதியாதகென்ஹாஸ் எண்டு சமூக சேவை அமைப்பு இருக்கு, பேரின்ர கருத்தே உதவி செய்யிற ஆக்கள் எண்டது. பிள்ளைப் பாதுகாப்பு, குடியை விடுறதுக்கு உதவி, குடும்ப ஆலோசனை, வயசு போன ஆக்களின்ர பராமரிப்பு எல்லாம் ஒரே ஊருக்குள்ள, ஊர் ஆக்களே செய்யினம். வட்டத்தில "நான் குடியை விடுறன்" எண்டு சொன்னவன் திங்கக்கிழமை காலமை எந்தக் கதவைத் தட்டுறது எண்டு அவனுக்குத் தெரியும், கதவைத் திறக்கிறவவுக்கு அவன்ர அம்மம்மாவைத் தெரியும். கடையில காணேக்க "எப்பிடி இருக்கிறாய்" எண்டு கேப்பா. கோட்ஸ் தீர்ப்புக் குடுத்த அண்டே அந்த ஃபைல் அலுமாரிக்க போயிடும், நீதவான் பின்னேரம் பாலத்தைக் கடந்து தன்ர வீட்டுக்குப் போயிடுவார்.

மணி அடிச்சிட்டுது, நடுவர் ஐயா. வணக்கம்.